அடைத்த அறையில் கரிச்சட்டி

அக். 9, 2001. செவ்வாய்

விடாத மழை. கப்பல் பட்டறையில் ஒரு வாரம் லீவு. ஸ்டெல்லாவுக்குப் பெண் குழந்தை பிறந்து நான்காம் நாள். இன்று மதியம் ஆஸ்பத்திரியிலிருந்து ரங்கூன் தாகேதாவில் எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தாயிற்று.

என் வேலை: அறையின் சன்னல் இடுக்குகளில் பிளாஸ்டிக் தாள், கதவடியில் பழைய கைலி. எல்லாம் ஸ்டெல்லாவின் அம்மா, அத்தை சொன்னபடி. பச்சை உடம்பில் காற்றுப் படக்கூடாதாம். கட்டிலடியில் கரிச்சட்டி, கனல். குழந்தையும் அத்தையும் நானும் கூடத்தில் படுக்கை.

பக்கத்து வீட்டு டோ கின் மஞ்சள் கொண்டுவந்தாள். "நாங்களும் இப்படித்தான் கனல் வைப்போம்" என்றாள் பர்மியில்.

நாளை வாங்க: பூண்டு, சுக்கு, கரி.

அக். 10. புதன்

ஸ்டெ.வுக்குத் தலைவலி. ஒருமுறை வாந்தி. "என்னங்க, கதவெக் கொஞ்சம் தொறந்து வைங்க. மூச்சு முட்டுது."

அத்தை விடவில்லை. "பெத்த ஒடம்பு, வலிக்கத்தான் செய்யும். ஜன்னி வந்தா யாரு பாக்குறது மாப்ளே?"

பட்டறையில் முதலில் காற்றை உள்ளே விடாமல் கப்பலின் மூடிய தொட்டிக்குள் ஒருவனும் இறங்கமாட்டான். சொல்ல வாயெடுத்தேன். பிள்ளை பெற்று வளர்த்தவரிடம் நான் என்ன பேசுவது? கடைக்குக் கிளம்பிவிட்டேன்.

அதே நாள். ஆஸ்பத்திரி வராந்தா

கடையிலிருந்து திரும்பி வந்தபோது அத்தை பின்கட்டில் குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். "அவ நல்லாத் தூங்குறா." கதவைத் தள்ளினேன். முகத்தில் வெக்கை. கூப்பிட்டேன், உலுக்கினேன். அசைவில்லை. அப்படியே தூக்கி மழையில் வெளியே. டோ கின் தெருவுக்கு ஓடி டாக்சியை மறித்தாள்.

டாக்டர்: "மூடிய அறையில் கரியா? அந்த விஷக் காற்றுக்கு வாசனைகூடக் கிடையாது."

மூக்கில் ஆக்ஸிஜன். எதுவும் சொல்வதற்கில்லையாம்.

அக். 11. வியாழன்

கண் திறக்கவில்லை. ஜெபம் பாதியில் மறக்கிறது. குழந்தை டோ கின் வீட்டில், புட்டிப்பால்.

அத்தை ஆஸ்பத்திரிப் படியிலேயே. சோறு வேண்டாமாம். "நாந்தான் எம்மகளெக் கொன்னுட்டேன் மாப்ளே." இடுக்கையெல்லாம் அடைத்தது யார்? திட்டவும் வாய் வரவில்லை, தேற்றவும் வரவில்லை.

கர்த்தாவே, அவளை எடுத்துக்கொள்ளாதேயும். வேறு என்ன கேட்பது.

அக். 12. வெள்ளி

கண் திறந்தாள்! ஓடினேன். என்னைப் பார்த்து, "நீங்க யாரு?" அதுவும் பர்மியில். தமிழில் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

டாக்டர்: நினைவு திரும்பலாம், திரும்பாமலும் போகலாம்.

வீட்டுக்குப் போய்த் தாளையெல்லாம் கிழித்தேன். ஆத்திரத்தில் சன்னல் கதவையே பெயர்த்துவிட்டேன். கட்டில் முழுக்கச் சாரல். அடிக்கட்டும்.

அக். 13. சனி

மழை விட்டிருக்கிறது. டோ கின் குழந்தையைக் கொண்டுவந்தாள். ஸ்டெ. மடியில் வைத்தோம்.

"யாரு புள்ளெ இது? பாவம்" என்றாள். இன்று தமிழ். அத்தை துண்டை வாயில் பொத்திக்கொண்டு வெளியே போனார்.

குழந்தை வீறிட்டு அழுதது. ஸ்டெ. யாரோ எவரோ என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சட்டையின் முன்பக்கம் பாலில் நனைந்துகொண்டே வந்தது.