மெத்தையில் தூவிய சோடா உப்பு

மார்ச் 3, ஞாயிறு

இன்று வீட்டில் இருந்தவர்கள்: என் மகன், மருமகள், பேத்தி, மருமகளைப் பெற்ற சம்பந்தியம்மா, அப்புறம் நான். எழுதி வைத்துக்கொள்கிறேன். நாளைக்கு யாரும் நான் அங்கே இல்லை என்று சொல்லிவிடக் கூடாது.

பேத்தி போனைத் தூக்கிப் பிடித்தாள். சம்பந்தியம்மா புதுப் புடவையில் நின்று, மெத்தை மேல் சோடா உப்பைத் தூவினாள். "ஒரு மணி நேரம் அப்படியே விட்டு, பிரஷ்ஷால தட்டிடுங்க. ஈர வாடை ஓடிப் போயிடும். இது எங்க வீட்டுல பரம்பரையா செய்யறது." அடுத்து டீக்கறை பிடித்த கோப்பை. அதற்கடுத்து ஃபிரிட்ஜுக்குள் ஒரு கிண்ணம் சோடா உப்பு.

பரம்பரையாம்!

என் மகன் கை தட்டினான். "அத்தை, என்ன மூளை உங்களுக்கு! இவ்ளோ நாளா எங்களுக்குத் தெரியாமப் போச்சே!"

நான் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். நகக்கண் எரிந்தது.

மார்ச் 5, செவ்வாய்

அந்த வீடியோவைப் பதினாறாயிரம் பேர் பார்த்துவிட்டார்களாம். எதிர் வீட்டு டீச்சர் என்னைப் பிடித்து நிறுத்தி, "போன்ல வர்ற பாட்டி உங்க சம்பந்தியாமே? கொடுத்து வெச்சவங்க நீங்க" என்றாள். கொடுத்துத்தான் வைத்தேன். எல்லாவற்றையும் தூக்கிக் கொடுத்தேன்.

மார்ச் 9, சனி

எனக்கு எதுவும் மறக்காது. பேத்தி பிறந்தபோது சம்பந்தியம்மா இங்கே மூன்று மாதம் இருந்தாள். குழந்தை நனைத்த மெத்தையைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டு, "இதைத் தூக்கிப் போட்டுடலாம் சம்பந்தி" என்றாள். நான்தான் சோடா உப்பு டப்பாவை எடுத்து வந்தேன். எவ்வளவு தூவ வேண்டும், எவ்வளவு நேரம் விட வேண்டும், எல்லாம் என் கையைப் பார்த்துக் கற்றது.

எனக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? ஒருவரும் இல்லை. பயம்தான். என் மகன் ஒன்பது வயது வரை படுக்கையை நனைத்தான். அவன் அப்பாவுக்குத் தெரிந்தால் பெல்ட்டைக் கழற்றிவிடுவார். விடியும் முன் துடைத்து, இருந்ததையெல்லாம் போட்டுப் பார்த்தேன். சோடா உப்புதான் வாடையை அடக்கியது. வாரம் ஒரு டப்பா. கடைக்காரர்கூட, "தினமும் பலகாரமாம்மா உங்க வீட்டுல?" என்று கேலி செய்தார். ஆமாம் என்றேன். கூடப் பிறந்தவளிடமும் சொன்னதில்லை.

அவனுக்கு அது ஞாபகமே இல்லையா? ஒன்பது வயது என்ன, கைக்குழந்தையா?

மார்ச் 15, வெள்ளி

சம்பந்தியம்மா போன் செய்தாள். "நாளைக்கு அலுமினியப் பாத்திரத்தைப் பளபளன்னு ஆக்கிக் காட்டப் போறேன். சோடா உப்பு போட்டுக் கொதிக்க வெச்சா போதும்ல சம்பந்தி?"

அலுமினியத்தில் சோடா உப்பைக் கொதிக்கவிட்டால் கறுத்துப் போகும். ஒரு பாத்திரத்தைப் பாழாக்கித்தான் நானே தெரிந்துகொண்டேன்.

"உங்களுக்குத் தெரியாததா?" என்றேன். போனை வைத்துவிட்டேன்.

இன்று டீ நன்றாக இருந்தது.

மார்ச் 17, ஞாயிறு

கரிச்சட்டி மாதிரி ஆகிவிட்டதாம். நேரலையாம், நிறுத்தக்கூட முடியவில்லையாம். ஊரே சிரிக்கிறது. ஆனால் அழுதது பேத்தி. கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பாட்டி, உனக்கு இது தெரியாதா?"

இவளிடம் பொய் சொல்ல எனக்கு வரவில்லை. சாதம் வடிக்க வேண்டும் என்று எழுந்துவிட்டேன். சாதம் அப்போதே வடித்தாகிவிட்டது.

மார்ச் 18

குற்றம் அவளுடையது. நான் ஏன் சாப்பிடாமல் கிடக்கிறேன்?

மார்ச் 24, ஞாயிறு

சம்பந்தியம்மா அந்தப் பாத்திரத்தைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு வந்தாள். பழைய புடவை.

"உங்களுக்குத் தெரியும்தானே சம்பந்தி?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"மெத்தை யார் வீட்டுப் பரம்பரை?"

பாத்திரத்தைப் பையிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தாள். பிறகு அவளே, "போனைப் பார்த்ததும் வாய் தானா அளக்க ஆரம்பிச்சுடுச்சு. பொய்தான். வேணும்னா நாலு திட்டு திட்டிடுங்க" என்றாள்.

இரண்டு திட்டினேன். மூன்றாவது வரவில்லை. எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, தோலையும் போட்டு, அந்தப் பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்க வைத்தேன். கறுப்பு மெல்ல விட்டது. பேத்தி போனை எடுத்து வந்தாள். சம்பந்தியம்மா என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளி, "மெத்தை வித்தையும் இவங்களோடதுதான். நான் திருடினேன்" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள்.

"யாருக்காகப் பாட்டி கண்டுபிடிச்சே?" என்றாள் பேத்தி.

என் மகன் வாசற்படியில் நின்றிருந்தான். முகம் வெளுத்துவிட்டது. சொல்லாதே என்று கண் கெஞ்சியது. ஆக, அவனுக்கு ஞாபகம் இருக்கிறது. கை தட்டிய அன்றும் இருந்திருக்கிறது.

"வீட்டுல ஒரு பூனை இருந்துச்சு" என்றேன்.

"ஆமா, இருந்துச்சு" என்றான் அவன், எல்லாருக்கும் முன்னால்.

சம்பந்தியம்மாவை மன்னித்துவிட்டேன். என்னையும் கொஞ்சம். அந்தப் பூனையை மன்னிக்க மாட்டேன். என் மகனை.