பச்சைப் பொட்டலங்களும் பதினோரு துண்டிப்புகளும்

குறிப்பு எண் 6,121
குடியரசு 112-ஆம் ஆண்டு (2023), அக்டோபர் 4, புதன்கிழமை, மாலை 5 மணி 20 நிமிடம். சியாயி, தைவான்.

இன்று நான்கு மணிக்குத் தொடங்கிய சீனச் சதுரங்க ஆட்டம், 4 மணி 47 நிமிடத்தில் இணைய இணைப்பு அறுந்ததால் ரத்தாயிற்று. மூன்று நிமிடத்துக்குள் ஆட்டக்காரர் திரும்பாவிட்டால் வெற்றி தோல்வி இருவருக்கும் இல்லை என்பது அந்தச் செயலியின் விதி. அதை நான் இயற்றவில்லை. அச்சமயம் ஆட்டம், தாய்தோங்கில் இருக்கும் து மிங்-ஷானுக்குச் சற்றுச் சாதகமாக இருந்தது. சற்றே.

ரயில்வேயில் நான் நிலைய அதிகாரியாகவும் அவன் சிக்னல் பிரிவிலும் இருந்த காலம் முப்பத்தொரு ஆண்டுகள். ஓய்வுக்குப் பின் புதனும் சனியும் மாலை நான்கு மணி எங்களுடையது.

இணைப்புத் துண்டிப்புகளுக்கென ஓர் அட்டவணை தொடங்கியுள்ளேன். எண் 1: அக்டோபர் 4, மாலை 4.47. காரணம்: (பின்னர்).

குறிப்பு எண் 6,124
அக்டோபர் 7, சனிக்கிழமை, மாலை 6 மணி.

எண் 2: மாலை 4.22. எண் 3: மாலை 4.51. இரண்டு ஆட்டங்களும் ரத்து. இம்முறை நான் தோற்றுக்கொண்டிருக்கவில்லை என்பதைத் தெளிவாகப் பதிவு செய்கிறேன்.

து தொலைபேசியில் அழைத்தான்.

"என்ன ஸ்டேஷன் மாஸ்டரே, உன் தளபதிக்கு ஆபத்துன்னா உடனே உன் வீட்ல லைன் அறுந்துடுது? அவ்ளோ விசுவாசமான லைன் எங்க கிடைச்சுது? எனக்கும் ஒண்ணு வாங்கிக் குடு."

இணைய நிறுவனத்தின் உதவி எண்ணில் சொன்னபடி, வாசலில் காலணி அலமாரி மேல் இருக்கும் ரவுட்டரை அணைத்து, முப்பது விநாடி கழித்து மீண்டும் போட்டேன். விளக்குகள் அனைத்தும் பச்சை. ஆயினும், 5 மணி 40 நிமிடத்துக்கு அதன் மேல் ஒரு பச்சைப் பொட்டலம் வைத்தேன். தேங்காய்ப்பால் சுவைச் சோளப்பொரி. காலாவதி அடுத்த ஆண்டு மார்ச் 11. இயந்திரங்கள் பழுதாகாமல் ஒழுங்காக ஓட இங்கே எல்லாரும் வைப்பது அது. நிலையத்தில் பயணச்சீட்டு இயந்திரத்தின் மேல் அது இல்லாத நாளே கிடையாது. புதிதாக வந்த ஒருவன் ஒருமுறை மஞ்சள் பொட்டலத்தை வைத்தான். அன்று இயந்திரம் நான்கு மணி நேரம் வேலை செய்யவில்லை. இயந்திரத்துக்குப் பச்சைதான், காலாவதியும் ஆகியிருக்கக் கூடாது.

குறிப்பு எண் 6,128
அக்டோபர் 11, புதன்கிழமை.

எண் 4. என் மனைவி பி-யூன் வாசலைத் துடைத்துக்கொண்டிருந்தபோது. பொட்டலங்கள் மூன்றாக உயர்த்தப்பட்டன.

து சொன்னான்: "லைன் சரியானதும் கூப்பிடு. அதுவரைக்கும் கோழிக்குத் தீனி போடுறேன். கோழி பாதி ஆட்டத்துல எந்திரிச்சு ஓடாது."

சிரித்தான். ஆனால் சனிக்கிழமை வருகிறேன் என்று அவன் சொல்லவில்லை. பதினாறு ஆண்டுகளில் இது முதல் முறை.

குறிப்பு எண் 6,131
அக்டோபர் 14, சனிக்கிழமை, மாலை 4 மணி 30 நிமிடம்.

து செயலியில் இல்லை. முகம் தெரியாத யாரோ ஒருவனோடு ஆடினேன். எண் 5, எண் 6. பொட்டலங்கள் நான்கு.

குறிப்பு எண் 6,135
அக்டோபர் 18, புதன்கிழமை, பிற்பகல் 3 மணி 15 நிமிடம்.

இணைய நிறுவனத்திலிருந்து லியென் என்ற பெண் ஊழியர், குறித்த நேரத்துக்கு ஆறு நிமிடம் தாமதமாக வந்தார். சுவரிலிருந்து ரவுட்டருக்கு வரும் கேபிளின் முனையைக் கையிலெடுத்துப் பார்த்தவுடனே சிரித்தார்.

"பெரியப்பா, இந்தப் பிளக்கோட கொக்கி ஒடிஞ்சிருக்கு. அலமாரி லேசா ஆடினாலே கழண்டுக்கும். அமுக்காம வெடுக்குன்னு புடுங்கினா இப்படித்தான் ஒடியும். யாரு புடுங்கினது?"

இந்த வீட்டில் நாங்கள் இருவர் மட்டுமே இருக்கிறோம் என்று தெரிவித்தேன். அது கேட்ட கேள்விக்கான பதில் அல்ல. பி-யூன் என்னையே பார்த்தாள்.

லியென் புதுக் கேபிள் போட்டு, தன் மடிக்கணினியை ரவுட்டரில் நேரடியாகச் செருகிப் பத்து நிமிடம் சோதித்தார். "லைன்ல ஒரு குறையும் இல்ல" என்றார். போகும்போது என் நான்கு பொட்டலங்களையும் பார்த்துக் கைகூப்பி, பையிலிருந்து ஐந்தாவது ஒன்றை எடுத்து வைத்தார். "எங்க ஆபீஸ் மெஷின் மேலயும் இதுதான் பெரியப்பா."

பொறுப்புள்ள பெண். பழைய கேபிள் முனையைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன்.

குறிப்பு எண் 6,136
அக்டோபர் 19, வியாழக்கிழமை.

எண் 7, எண் 8. புதுக் கேபிள் போட்ட மறுநாளே! பொட்டலங்கள் ஏழு, சுற்றுச்சுவர்போல் நிறுத்தினேன். பி-யூன் கேட்டாள்: "ரவுட்டருக்குக் குளிருதா?"

குறிப்பு எண் 6,142
அக்டோபர் 25, புதன்கிழமை, மாலை 5 மணி.

எண் 11 வரை வந்தாயிற்று. பொட்டலங்கள் ஒன்பது. து-வைக் கூப்பிட எனக்கு முகமில்லை.

யோசித்துப் பார்க்கிறேன். லியென் கம்பி வழியாகச் சோதித்தபோது குறையில்லை. நான் பால்கனியில் டேப்லெட்டோடு கம்பியின்றி உட்கார்ந்தால் அறுகிறது. ஆகவே, கோளாறு ரவுட்டர் வரைக்கும் இல்லை. அதற்கும் எனக்கும் இடையில் இருக்கிறது. இடையில் என்ன இருக்கிறது? சுவர். அது பதினாறு ஆண்டுகளாக இருக்கிறது.

குறிப்பு எண் 6,143
அக்டோபர் 26, வியாழக்கிழமை, பிற்பகல் 2 மணி 40 நிமிடம்.

பி-யூன் தொலைக்காட்சித் தொடர் பார்த்துக்கொண்டே ஒரு பொட்டலத்தைப் பிரித்துத் தின்றுவிட்டாள். ரவுட்டரின் பொட்டலத்தை!

"அது காவலுக்கு வச்சது" என்றேன்.

"ஒன்பது பேர் காவல் காத்தும் திருட்டு நிக்கல. ஒருத்தர வீட்டுக்கு அனுப்பினா என்ன?"

கண்டிக்க வாயெடுத்தவன், கையிலிருந்த டேப்லெட்டைப் பார்த்து நிறுத்தினேன். ஒரே கோடாக இருந்த வைஃபை குறி இரண்டு கோடாகியிருந்தது. காலிப் பொட்டலத்தை வாங்கிப் பார்த்தேன். உட்பக்கம் முழுதும் வெள்ளித்தாள்போல் பளபளப்பு. அலைகள் உலோகத் தகட்டைத் தாண்டத் திணறும் என்பதை சிக்னல் பிரிவில் இருந்த து எனக்கே ஒருமுறை விளக்கியிருக்கிறான்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் என்ற ஒழுங்கில், ஐந்து நிமிட இடைவெளியில் பொட்டலங்களை ஒவ்வொன்றாக அகற்றிக் குறித்துக்கொண்டேன். எட்டு: இரண்டு கோடு. ஐந்து: மூன்று கோடு. ஒன்று: நான்கு கோடு. ஆக, அந்த அலமாரியின் மேல் நானே என் கையால் ஒரு தகரக் கொட்டகை கட்டியிருக்கிறேன்.

பி-யூன் அரை மணி நேரம் சிரித்தாள். துல்லியமாக, இருபத்தாறு நிமிடம்.

குறிப்பு எண் 6,145
அக்டோபர் 28, சனிக்கிழமை, மாலை 5 மணி 10 நிமிடம்.

இரண்டு நாளாக ஒரு துண்டிப்பும் இல்லை. து-வுக்கு ஒரு கடிதம் எழுதினேன்: ஒடிந்த கொக்கி, வெள்ளித்தாள், இவற்றால் நேர்ந்த பதினோரு துண்டிப்புகள், அட்டவணையின் பிரதி. என் மீது ஐயம் கொள்ள இனி இடமில்லை என்று முடித்தேன். பி-யூனிடம் படிக்கக் கொடுத்தேன்.

"கடிதம் அழகா இருக்கு. ஒண்ணு கேக்கட்டுமா? முதல் பொட்டலம் என்னைக்கு வச்சீங்க?"

"அக்டோபர் 7, மாலை 5 மணி 40 நிமிடம்."

"அப்ப நாலாம் தேதி எதுங்க மறைச்சுது?"

"அது கொக்கி."

"அன்னைக்கு மத்தியானம் அந்த அலமாரியைத் தூசி தட்டினது நான். கேபிளைக் கழட்டி மாட்டினதும் நான். கொக்கி 'டக்'குன்னு நல்லாத்தான் மாட்டிச்சு."

அவள் கையிலிருந்த கடிதத்தை வாங்கி மடித்தேன்.

"தேதி எழுதி வைக்காத ஆளா இருந்தா தப்பிச்சிருப்பீங்க" என்று சொல்லிவிட்டு, தேநீர் வைக்கப் போய்விட்டாள்.

குறிப்பு எண் 6,146
அக்டோபர் 29, ஞாயிற்றுக்கிழமை.

புடுங்கினேன். நான்தான் புடுங்கினேன். இன்னும் நாலு நகர்த்தல்ல தளபதி போயிடும், ஆட்டமே முடிஞ்சிடும்னு தெரிஞ்சுபோச்சு — பால்கனியிலேர்ந்து எந்திரிச்சேன், நேரா வாசலுக்குப் போனேன் — எழுபத்தேழு வயசுல இது தேவையா? அவன் கேலியாத்தான் சொன்னான். நிசம்னு அவனுக்கே தெரியாது. தெரியாதா?

குறிப்பு எண் 6,149
நவம்பர் 1, புதன்கிழமை, பிற்பகல் 3 மணி 35 நிமிடம்.

பழைய கடிதத்தைக் கிழித்தேன். புதிய கடிதம் பதிவுத் தபாலில் 3 மணி 10 நிமிடத்துக்கு அனுப்பப்பட்டது. அதில் நான்கே வரிகள்: அக்டோபர் 4 ஆட்டத்தில் நீதான் வென்றாய். மற்ற பத்துக்கும் இயந்திரங்கள் பொறுப்பு. முதலாவதற்கு நான். உன் கோழிகள் நலமா?

கடிதத்துடன் இணைத்து அனுப்பியவை:

1. துண்டிப்பு அட்டவணை, இரண்டு பக்கம். எண் 2 முதல் 6 வரை காரணம்: ஒடிந்த கொக்கி. எண் 7 முதல் 11 வரை: பொட்டலங்கள். எண் 1-க்குக் காலியாக விட்டிருந்த இடத்தில் சிவப்பு மையில்: என் கை.

2. பழைய கேபிளின் முனை, கொக்கி ஒடிந்த நிலையில். காகிதத்தில் சுற்றியது.

3. பச்சைப் பொட்டலம் ஒன்று. காலாவதி மார்ச் 11. ரவுட்டர் மேல் வைப்பதற்கல்ல, தின்பதற்கு (பி-யூனின் குறிப்பு).

4. என் மரச் சதுரங்கப் பெட்டியிலிருந்து சிவப்புத் தளபதி, ஒன்று. அக்டோபர் 4 அன்றே அவன் கைக்குப் போயிருக்க வேண்டியது. அது இல்லாமல் இந்த வீட்டுப் பலகையில் யாரும் ஆட முடியாது. திருப்பித் தர வேண்டுமென்றால் அவன் நேரில்தான் வர வேண்டும்.

5. தாய்தோங்கிலிருந்து சியாயிக்கு வரும் ரயில்களின் கால அட்டவணை. பொருத்தமான வண்டி அடிக்கோடிடப்பட்டுள்ளது.