சரிவில் கண்டது தூசிதான்

எத்தாளை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் ஸம்ஹாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வுடைய கிருபையால் நானும் வாப்பாவும் தம்பி ரிஷாதும் சுகம், அந்த ஜேர்மனிக் குளிரில் நீயும் சுகமாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆச் செய்கிறேன். போனில் கதைத்தால் நீ இடையில் அழுது என்ட வாயை அடைத்துவிடுவாய், அதனால்தான் அங்க வாற சுஹைரின் கையில் கருவாட்டுப் பார்சலோடு இதையும் கொடுத்து விடுகிறேன், முழுக்க வாசி.

சந்தியில் கட்டின பெனரைப் பற்றித்தான் கதை. செவ்வாய்க் கிரகத்தில் தண்ணீர் கண்டுபிடித்த எங்கள் ஊர் மகள் என்று உன் படத்தையும் போட்டு ஊர்ச் சங்கத் தலைவர் அத்தாஉல்லா நானா கட்டினது. அவரையும் என்ன சொல்ல, நல்ல தண்ணி கொண்டு வாற பவுசர் லொறியைப் பார்த்துக்கொண்டு நிற்கிற ஊர், நீ அனுப்பின செவ்வாய்ப் படத்தில் மலைச்சரிவில் கறுப்புக் கோட்டைக் கண்டதும் தண்ணி வழிந்த தடம் என்றே முடிவெடுத்துவிட்டார். நீ கண்டது அதற்கு நேர்மாறு, காய்ந்த தூசி சறுக்கின தடம். அந்தப் பெனரை பேஸ்புக்கில் பார்த்து உன்னோடு படிக்கிறவர்கள் சிரித்ததாகவும், உன்னைப் படிப்பிக்கிற சேர் கூப்பிட்டு நீயா இப்படிச் சொன்னாய் என்று கேட்டதாகவும் அழுதாய். அழுதுவிட்டு, விடுங்க உம்மா, வாப்பா சந்தோசமாக இருக்கட்டும் என்றாய். நான் ஏன் விட வேணும்?

அடுத்த நாளே அத்தாஉல்லா நானா வீட்டுக்குப் போனேன். சிரித்துக்கொண்டே, இங்க இருந்து யார், தங்கச்சி, செவ்வாய்க்குப் போய்ப் பார்க்கப் போறது, வெள்ளிக்கிழமைப் பாராட்டுக் கூட்டத்துக்குப் பெரிய ஆக்கள் வாறாங்க, பிறகு பார்ப்போம் என்றார். எனக்கு வந்ததே கோபம்! யாரும் போய்ப் பார்க்க ஏலாத இடம் என்றால்தானே பார்த்தவள் சொன்னதை மாற்றக் கூடாது என்றேன். அவர் பெண்சாதி றஹ்மத் உம்மாவிடம் பொரிக்கிற தாச்சியை வாங்கிக் கவிழ்த்து, கரி பிடித்த அடியில் கோதுமை மாவைத் தூவி, பெருநாளைக்கு நீ வீடியோவில் காட்டின மாதிரியே சரித்துத் தட்டினேன். மா சறுக்கி விழ, நீட்டுக்குக் கறுப்பாக ஒரு கோடு. இதில் எங்க நானா தண்ணி என்று கேட்டேன். றஹ்மத் உம்மா வாயில் கை வைத்துக்கொண்டு நின்றார். நானா மட்டும், தூசிக்கு யார் பெனர் கட்டுவான் என்று எழும்பிப் போய்விட்டார்.

கூட்டத்தில் வாப்பாவுக்குப் பொன்னாடை போர்த்துவதாக இருந்தது, அதற்கென்று தைத்த சேட்டு இன்னும் அலுமாரியில் தொங்குது. நீ அழுததை அவரிடம் மறைக்காமல் சொன்னேன். மனுசன் கதிரையை விட்டு எழும்பினார். பிறகு ஏணியைத் தூக்கிக்கொண்டு சந்திக்குப் போய், பட்டப்பகலில் எல்லாரும் பார்க்கத் தன் கையாலேயே கயிற்றை வெட்டிப் பெனரை இறக்கினார். கூட்டத்துக்கு நாங்கள் போகவில்லை. சிலபேர் இப்ப எங்களோடு கதைக்கிறதில்லை. கடையில் கேட்கிறார்கள், தூசியைப் பார்க்கவா இவ்வளவு தூரம் போய்ப் படிக்கிறாள் என்று. ஓம், அதுக்குத்தான் என்று சொல்லிவிட்டு சாமானை வாங்கிக்கொண்டு வாறேன்.

பெனர் இறங்கிவிட்டது என்று உன் சேரிடம் நேராகவே சொல்லு, தலை குனியாதே. தொழுகையை விடாதே, கருவாட்டை ஜன்னலைத் திறந்து வைத்துப் பொரி, இல்லாட்டி பக்கத்து வீட்டார் பொலிஸுக்குச் சொல்லிவிடப் போகிறார்கள். அல்லாஹ் உன் அறிவிலும் ஆயுளிலும் பரக்கத்துச் செய்வானாக. நீ கண்டதைக் கண்டபடியே எழுது மகள், ஊரை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உனக்காக எந்நேரமும் கையேந்தும்
உன் உம்மா,
ஜுனைதா