கேட் பட்டறைக்கு வந்த ஒன்பது பல் கேப்புகள்

அனுப்புநர்
ப. நஞ்சுண்டன்,
பவுடர் கோட்டிங் பட்டறை,
கணபதி, கோயம்புத்தூர்.

பெறுநர்
இணை இயக்குநர் அவர்கள்,
மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள்,
கோயம்புத்தூர் மாவட்டம்.

பொருள்: ஜிர்கோனியா பல் கேப்புகளை இரும்புக் கேட் பட்டறைக்கு அனுப்பும் பல் மருத்துவர் மீது நடவடிக்கை கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் கேட்டுகளுக்கும் கிரில்களுக்கும் துரு நீக்கி வர்ணம் ஏற்றுபவன். பல் மருத்துவம் படித்தவனல்ல என்பதைத் தொடக்கத்திலேயே பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். மேற்படி பல் மருத்துவர் டாக்டர் சசிதர் அவர்களுக்கு இதில் இன்னும் சந்தேகம் இருக்கிறது.

2. சரவணம்பட்டியில் ஐ.டி. வேலைக்குப் போகும் என் மகள் லோகப்பிரியா ஸ்கூட்டரிலிருந்து விழுந்ததில் முன்பல் பாதி உடைந்தது. மீதிப் பல்லைச் சீவி, அதன்மேல் டாக்டர் ஜிர்கோனியா என்னும் பீங்கான் வகைக் கேப் ஒட்டினார். எட்டு மாதத்தில் அது மூன்று முறை கழன்றது. முதல் முறை முறுக்கின் மேல் பழி போட்டார். அடுத்த முறை நிலக்கடலை. மூன்றாம் முறை ரசம் சாதத்திலேயே கழன்றுவிட்டதால், என் மகளுக்கு எச்சில் அதிகம் என்று கண்டுபிடித்தார். இன்னொரு முறை கழன்றால் அடிப்பல்லும் தாங்காது, பிடுங்கத்தான் வேண்டும் என்றும் சொன்னார். மகள் வாயைக் கையால் மூடிக்கொண்டே பேசப் பழகினாள். பிறகு ஆபீஸ் மீட்டிங்கில் பேசுவதையே விட்டுவிட்டாள்.

3. கழன்ற கேப்பை டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்பக்கம் முகம் பார்க்கலாம் போலப் பளபளத்தது. வழவழப்பில் எதுவும் பிடிக்காது என்பது என் பட்டறையைக் கூட்டிப் பெருக்குபவருக்கும் தெரியும். கேப் செய்த லேபுக்கே போய்க் கேட்டேன். உரிமையாளர் மதன்குமார் முன்பு பம்ப்செட் கம்பெனியில் பாலிஷ் போட்டவராம். "உள்ள, வெளிய ரெண்டும் ஒரே பாலிஷுங்க. கோயமுத்தூர் பினிஷிங்ல கொறை சொல்ல முடியாதுங்க" என்றார். குறை சொல்ல முடியாதுதான், ஒட்டத்தான் முடியவில்லை.

4. உள்பக்கத்தைக் காற்றழுத்தத்தில் பொடி பீய்ச்சி அடித்துச் சொரசொரப்பாக்க வேண்டாமா என்று டாக்டரைக் கேட்டேன். அதற்கான மிஷின் தம்மிடம் இல்லை என்றார். வேறு வழி தெரியாமல், புது அலுமினாப் பொடி போட்டு, காற்றழுத்தத்தைக் குறைத்து, நானே அடித்துக் கொடுத்தேன். கேட்டுக்கு வர்ணத்துக்கு முன் பூசுவதுபோல் இதற்கும் பிரைமர் இருக்குமே என்றதும், அவரது அலமாரியிலிருந்து சீல் உடைக்காத பாட்டில் ஒன்று வெளியே வந்தது. அதைத் தடவி அன்று அவர் ஒட்டிய கேப் இன்றுவரை நிற்கிறது.

5. வினை அங்கேதான் ஆரம்பம். பத்தாம் நாள் கிளினிக்கிலிருந்து டப்பா ஒன்று வந்தது. உள்ளே ஒன்பது கேப்புகள். "ஏனுங்க நஞ்சுண்டன், இதையும் அப்படியே அடிச்சுக் குடுத்துருங்க. உங்களுது ராசியான கைங்க" என்று டாக்டர் போனில் சொன்னார். திருப்பி அனுப்பினேன், மறுபடியும் வந்துவிட்டது. எந்த வாய்க்கு எது என்று பெயர்கூட இல்லை, வெறும் நம்பர். ஒன்றையும் நான் தொடவில்லை. மகளுக்குச் செய்தது திறமையில் அல்ல, பயத்தில். அடுத்தவர் வாயில் அந்த விளையாட்டு எனக்கு வேண்டாம்.

6. ஆகவே ஐயா அவர்கள் அந்தக் கிளினிக்கை ஆய்வு செய்து, உரிய மிஷின் வைக்கவும், லேபில் உள்பக்கப் பாலிஷை நிறுத்தவும் உத்தரவிடுமாறும், ஒன்பது கேப்புகளையும் ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளுமாறும் கேட்டுக்கொள்கிறேன். நான் செய்தது தவறென்றால் என் மீதும் நடவடிக்கை எடுக்கலாம். ஆனால் அதற்கு முன் அரசுப் பல் மருத்துவர் ஒருவர் என் மகளின் பல்லைப் பார்த்து, அது தாங்குமா என்று எனக்கு மட்டும் சொல்ல வேண்டும். அவளிடம் வழக்கமான பரிசோதனை என்று சொன்னால் போதும்.

7. வீட்டு முகவரியை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. தபால் அங்கே வந்தால் அவள்தான் பிரிப்பாள். எல்லாம் டாக்டர் செய்த வேலை என்று நம்பி, நாற்பத்தேழு நாளாக அவள் கையை எடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

இடம்: கோயம்புத்தூர்
நாள்: 14.10.2024

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்) ப. நஞ்சுண்டன்