தேயிலைப் பெட்டிக்கு ஒரு முகம்

ஜூன் 22, ஞாயிறு. நோர்வூட், இலங்கை.

டிசைன் படிப்பு முடித்துச் சென்னையிலிருந்து இந்தத் தேயிலைத் தோட்டத்துக்குப் பயிற்சிக்கு வந்தபின், மேலாளர் இன்றுதான் என் வேலையை நன்றாக இருக்கிறது என்றார். தேயிலைப் பெட்டியில் அச்சிடப்போகும் படம் அது.

அதற்காகக் கொழுந்து பறிக்கும் செல்வி அக்காவை வரச் சொல்லியிருந்தேன். காலையில் மாம்பழ நிறப் பட்டுச் சேலையில், காதோரம் ஒரு ரோஜாவோடு வந்து நின்றார்.

"தினமும் வேலைக்குப் போற மாதிரியே வாங்கக்கா" என்றேன்.

"அது வேலைக்குக் கட்டுறதுதானே மிஸ். போட்டோன்னு சொன்னீங்க, அதான் நல்லதா கட்டிக்கிட்டு வந்தேன்."

லயத்திலிருக்கும் தன் வீட்டுக்குப் போய் மாற்றிக்கொண்டு வந்தார். இடுப்பில் சேலை நனையாமல் கட்டும் படங்கு, தலையில் பழைய துண்டு, முதுகில் கூடை. ரோஜாவை மட்டும் எடுக்கவில்லை. அதைப் பிறகு நான் கணினியில் அழித்தேன்.

"இப்பதான் இயல்பா இருக்கு" என்றார் மேலாளர்.

சாயங்காலம் அம்மா வீடியோவில் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தாள். மூன்று நாளாகப் போட்டிருந்த ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு நல்ல சுடிதாரை மாட்டிக்கொண்டேன். ஈரம் பூத்த சுவர் தெரியாதபடி போனைத் திருப்பி வைத்தேன்.

"அங்க தினமும் இப்படித்தான் இருப்பியா?" என்று கேட்டாள் அம்மா.

ஆமாம் என்றேன்.