எல்லோருக்கும் எதிர்ப்பக்கம்

ஆகஸ்ட் 6, செவ்வாய்

இன்னொரு ஞாயிறும் போச்சு. மழை வராது என்று அடித்துச் சொன்னேன். மத்தியானத்துக்குள் கொட்டித் தீர்த்துவிட்டது.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் நாங்கள் ஆறு பேர். அழுக்குப் போர்வைக்கு விடுமுறை கிடையாது, அதனால் ஞாயிறு டூட்டி ஆள் மாற்றி ஆள் வரும். பணம் வைத்து ஆடினால் சூப்பர்வைசர் வேலையை விட்டே தூக்கிவிடுவார் என்று ஞாயிறை வைத்து ஆடுகிறோம். தோற்றவன், ஜெயித்தவர்களில் ஒருவருடைய டூட்டியைப் பார்க்க வேண்டும். யாருடையது என்பதற்குச் சீட்டுக் குலுக்கல். இந்த மாத ஞாயிறு மொத்தமும் என் தலையில். செப்டம்பரில் ஐந்து ஞாயிறு, அதிலும் இரண்டு போய்விட்டது.

போன மாதக் கடைசியில் என் மனைவி தன் அக்கா வீட்டுக்குப் போனாள். சண்டைகூட இல்லை. பையை மூடிக்கொண்டே, "நீங்க வீட்ல இருக்கற ஞாயித்துக்கிழமை ஒண்ணு வந்தா சொல்லுங்க, வந்துடறேன்" என்றாள். கட்டிய மனைவி கேட்டது ஒரே ஒரு ஞாயிறு. அதற்கு வக்கில்லை எனக்கு.

ஆகஸ்ட் 8, வியாழன்

புரிந்துவிட்டது! என் ராசியில் கோளாறு இல்லை, கூட்டத்தோடு நிற்பதில்தான் கோளாறு. ஐந்து பேரோடு சேர்ந்து ஜெயித்தால் கிடைப்பது ஒரு ஞாயிறு, அதற்கும் குலுக்கல். தனியாக எதிர்ப்பக்கம் நின்று ஜெயித்தால் ஐந்து பேரும் ஆளுக்கொன்று எனக்குத் தர வேண்டும். தோற்றால் போவது ஒன்றுதான். இத்தனை நாள் இது ஏன் மண்டையில் ஏறவில்லை?

டீ பந்தயத்தில் சோதித்தேன். லிஃப்டில் எந்த வார்டு மூட்டை முதலில் இறங்கும்? எல்லோரும் ஆபரேஷன் வார்டு என்றார்கள், தினமும் அதுதான். நான் குழந்தைகள் வார்டு என்றேன். துணி உலர்த்தும் மெஷின் பார்க்கிற தொப்பை, "என்னடா, மூளை கழண்டுடுச்சா?" என்று சிரித்தான். இறங்கியது குழந்தைகள் வார்டு. ஐந்து டீ எனக்கு! மூன்றுக்கு மேல் உள்ளே போகவில்லை. மடிப்பு மேஜை அக்காவுக்கு ஒன்றைக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

மேட்சில் சோப்ளாங்கி டீம் பக்கம் தனியாக நின்றேன். சோப்ளாங்கி சோப்ளாங்கிதான். மூன்றாவது ஞாயிறு.

ஆகஸ்ட் 16, வெள்ளி

கூட்டத்துக்கு எதிராக நின்றால் மட்டும் போதாதோ? எனக்கே எதிராக நின்று பார்த்தால்? இத்தனை வருஷமாக என் மனசு சொன்னது எதுவும் உருப்பட்டதில்லை. ஆகவே அது என்ன சொல்கிறதோ அதற்கு நேர் மாறு.

சூப்பர்வைசர் இன்று லேட்டாகத்தான் வருவார் என்று பட்டது. சீக்கிரம் வருவார் என்று சொன்னேன். லேட்டாகத்தான் வந்தார். வாழ்க்கையில் ஒரு தடவை மனசு சரியாகச் சொன்னது, அன்றைக்குப் பார்த்து அதன் பேச்சைக் கேட்கவில்லை. நாலாவதும் போச்சு.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

ஐந்தாவதும். செப்டம்பர் காலி.

ஆகஸ்ட் 22, வியாழன்

மடிப்பு மேஜை அக்கா தனியாகக் கூப்பிட்டாள். என்னிடம் ஜெயித்த ஞாயிறு ஒன்று அவளிடம் இருக்கிறது. "எனக்கு அது வேணாம்பா. நீ எடுத்துக்க. போய் அந்தப் பொண்ணைக் கூட்டிட்டு வா" என்றாள்.

வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே? வாய் சும்மா இருக்கவில்லை. "வேணாங்க்கா, ஜெயிச்சே வாங்கிக்கறேன்." அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "வாய்ல நல்லா வருது, போயிடு" என்றாள்.

இப்போது வீட்டில் தனியாக உட்கார்ந்து தலையில் அடித்துக்கொள்கிறேன். நாளைக்குப் போய்க் கேட்டால் தருவாள். கேட்பேனா? மாட்டேன். எனக்கு என்னைத் தெரியாதா?

ஆகஸ்ட் 26, திங்கள்

தொப்பைதான் ஆரம்பித்தான். "மாசம் முடியறதுக்குள்ள இவன் பொண்டாட்டி வருவாளா, மாட்டாளா?" எனக்குச் சுருக்கென்றது. "வருவா" என்றாள் அக்கா முதலில். பிறகு ஒவ்வொருவராக வருவா, வருவா. தொப்பையும் வருவா. என்னைத் தேற்றுகிறார்களாம்.

ஐந்து பேர் ஒரு பக்கம். ஐந்து ஞாயிறு. நான் சொன்னேன்: "வரமாட்டா."

யாரும் சிரிக்கவில்லை. அவள் வராவிட்டால்தான் அவளைப் போய் அழைத்துவர எனக்கு நாள் கிடைக்கும். கணக்கு சரிதானே? சரியாகத்தான் இருக்கிறது. பிறகு ஏன் சாப்பாடு இறங்கவில்லை?

ஆகஸ்ட் 30, வெள்ளி

போன் வந்தது. அவள்தான்.

"ஞாயித்துக்கிழமைக்காக எவ்வளவு நாள் உட்கார்ந்திருக்கறது? நாளைக்குக் காலைல பஸ் ஏறட்டுமா?"

ஐயோ. ஒரு மாதமாக இதற்குத்தானே தவம் கிடந்தேன்? ஏறு, ஓடி வா என்று சொல்லத் தெரியாதா?

"நாளைக்கு வேணாம்மா. ஞாயித்துக்கிழமை நானே வந்து கூட்டிட்டு வரேன். ஒரு நாள்தானே."

"சரிங்க."

ஒரு நாள்தான். ஒரே ஒரு நாள். ஒன்றும் ஆகிவிடாது.

ஆகஸ்ட் 31, சனி

ஜெயித்துவிட்டேன். செப்டம்பர் முழுவதும் திரும்பி வந்துவிட்டது. யாரும் கை கொடுக்கவில்லை. அக்கா விளக்கை அணைத்துவிட்டுப் போய்விட்டாள்.

செப்டம்பர் 1, ஞாயிறு

எழுதவே கை வரவில்லை.

அவள் அக்கா வீட்டுக்குள் நுழைந்ததும் சொன்னேன், "ஒண்ணு இல்லடி, அஞ்சு ஞாயிறு!" சின்னப் பிள்ளை மாதிரி விரலை விரித்துக் காட்டினேன். அவள் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியை நான் பார்த்தேன். பிறகு கேட்டாள், "எப்படிக் கிடைச்சது?"

பொய் சொல்லியிருக்கலாம். அவள் கண்ணைப் பார்த்துச் சொல்ல வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். போனில் ஏன் வர வேண்டாம் என்றேன் என்பதையும்.

அழுவாள், கத்துவாள் என்று நினைத்தேன். உள்ளே போய் டீ கொண்டுவந்து வைத்தாள்.

"நான் வருவேன்னு அஞ்சு பேர் நம்பியிருக்காங்க. அதுல முக்காவாசிப் பேர் என் முகத்தைக்கூடப் பார்த்ததில்ல. நீங்க ஒருத்தர்தான் நம்பல."

"அது பந்தயத்துக்காக..."

"குடிச்சிட்டுக் கிளம்புங்க. இருட்டறதுக்குள்ள போய்ச் சேரணும்."

குடித்தேன். கிளம்பினேன். பஸ்ஸில் பக்கத்துச் சீட்டைப் பிடித்து வைத்திருந்தேன், யாருக்காக என்று தெரியவில்லை. கண்டக்டர் கேட்டதும் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 5, வியாழன்

போனை அவள் அக்காதான் எடுக்கிறாள். "அவ வேலைக்குப் போயிருக்கா தம்பி." எந்த வேலை? எப்போதிலிருந்து? கேட்கத் தைரியமில்லை.

செப்டம்பர் 8, ஞாயிறு

காலையில் எழுந்து வீட்டைப் பெருக்கினேன். மறுபடியும் பெருக்கினேன். அப்புறம் சட்டையை மாட்டிக்கொண்டு சலவைக்கூடத்துக்குப் போனேன்.

தொப்பை நின்றிருந்தான், என் டூட்டியைப் பார்க்க. "என்னடா, உனக்கு லீவாச்சே?"

"நீ வீட்டுக்குப் போடா. உன் பொண்டாட்டி பார்த்துட்டிருப்பா."

போகும்போது என் தோளைத் தட்டிவிட்டுப் போனான். இந்த மாத ஞாயிறு டூட்டியெல்லாம் நானே பார்த்துக்கொள்கிறேன், யாரும் வர வேண்டாம் என்று மற்றவர்களுக்கும் சொல்லச் சொன்னேன். வீட்டில் இருந்து நான் என்ன செய்யப்போகிறேன்?