பதினேழாவது மேற்கோள்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். அம்மாவும் நானும் நலம்.

முதலில் ஒரு வேலை. உன் குழந்தைகள் வார்டில் அந்த ஊசி மருந்தை என் ஆய்வில் சொன்ன அளவில் போட்டுக்கொண்டிருந்தால் உடனே நிறுத்து. மீதியை அப்புறம் படி.

நிறுத்திவிட்டாயா? அந்த ஆய்வை நாங்கள் எப்போதோ திரும்பப் பெற்றுவிட்டோம். இரத்தத்தில் இருந்த மருந்தை எங்கள் கருவி குறைத்துக் காட்டியிருக்கிறது. நாங்கள் பாதுகாப்பானது என்று எழுதிய அளவு பச்சைக் குழந்தைகளின் சிறுநீரகம் தாங்காது. கட்டுரையின் ஒவ்வொரு பக்கத்திலும் 'திரும்பப் பெறப்பட்டது' என்று சிவப்பில் கொட்டை எழுத்தில் இருக்கிறது. திறந்தால் கண்ணில் படாமல் போகாது.

யார் திறக்கிறார்கள்? யாரோ ஒரு புண்ணியவான் தன் கட்டுரையின் கடைசியில் வரும் மேற்கோள் பட்டியலில் அதன் பக்க எண்ணைத் தப்பாகப் போட்டார். பின்னால் வந்தவர்கள் எல்லாரிடமும் அதே தப்பு எண். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியிருக்கிறார்கள். செத்த கட்டுரைக்கு மாதாமாதம் மேற்கோள் கூடுகிறது. எங்கள் ஆய்வக இயக்குநர், "நல்லதுதானேம்மா, மேற்கோள் கூடினா நமக்குப் பேருதானே, ஏன் கெடந்து அலட்டிக்கிறீங்க?" என்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நேற்று உன் கட்டுரை கண்ணில் பட்டது. பதினேழாவது மேற்கோளில் என் பெயர். அப்பா இறந்த வீட்டில் என்னோடு சண்டை போட்டுக் கிளம்பியவன், அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசாதவன். அந்த வரியைப் பார்த்து அழுதுவிட்டேன். அக்காவை மறக்கவில்லை என்று அதில்தான் சொல்லியிருக்கிறாய். பிறகுதான் பக்க எண்ணைக் கவனித்தேன். அதே தப்பு எண். என் வீட்டுப்பாடத்தைப் பார்த்து எழுதிய காலத்திலாவது, "இது சரிதானாக்கா?" என்று ஒரு தடவை கேட்பாய்.

உன் பழைய தொலைபேசி எண் வேலை செய்யவில்லை. மருத்துவமனைக்கு அழைத்தால், "டாக்டர் ரவுண்ட்ஸ்ல இருக்கார், நீங்க யாரு?" என்றாள் நர்ஸ். அக்கா என்றேன். "அவருக்கு அக்கா இருக்காங்களா?" என்று கேட்டாள். விஷயத்தைச் சொல்லி வைத்தேன். உன்னிடம் சொன்னாளோ என்னவோ. அதனால்தான் கட்டுரையின் அடியில் இருந்த மின்னஞ்சலுக்கு இதை எழுதுகிறேன்.

அந்த ஊசி போட்ட குழந்தைகளுக்கு இன்றே இரத்தப் பரிசோதனை செய்துவிடு, கண்ணா. ஒரு குறையும் இல்லாமல் வீடு போய்ச் சேரட்டும். உன் கைக்கு ஒரு பழியும் வரவேண்டாம். உன் கட்டுரை வந்த ஆய்வுப் பத்திரிகைக்கு எழுதி என் பெயரை நீக்கச் சொல். நீக்கினால் நமக்குள் மிச்சமிருக்கும் அந்த ஒரு வரியும் போய்விடும். பரவாயில்லை, நீக்கிவிடு.

உன் அக்கா